நல்லண்ணனும் காலிக் கட்டங்களும்

கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தேடினாலும், 'இல்லை' என்ற வார்த்தையை நல்லண்ணன் அளவுக்குச் சந்தேகப்பட்ட ஒரு மனிதரை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. கடவுள் இல்லை என்பவரிடமும் சண்டைக்குப் போவார். கடையில் காபித்தூள் இல்லை என்பவரிடமும் சண்டைக்குப் போவார். இரண்டு பேருக்கும் அவருடைய கேள்வி ஒன்றுதான்: "இல்லையா, இல்ல தெரியலையா? ரெண்டுல எதுன்னு தெளிவாச் சொல்லுங்க."

தேனி அல்லிநகரத்தில் ஓர் இரும்புக் கடையின் மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவரும் நானும் வேலை பார்த்தோம். கீழே ஆணி, கொண்டி, கம்பி வலை. மேலே கம்ப்யூட்டர். இரண்டுக்கும் முதலாளி டேனியல் அண்ணாச்சி. வாடிக்கையாளர்கள் கேட்கிற சாஃப்ட்வேரை எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். எழுதியதைச் சோதித்துப் பார்ப்பதும், அது வேலை செய்யாதபோது போனில் வருகிற திட்டுகளை வாங்கிக்கொள்வதும் என் பொறுப்பு. தகவல்களைச் சேர்த்து வைத்து, கேட்டபோது தேடி எடுத்துத் தருகிற டேட்டாபேஸ் முழுக்க அவர் பொறுப்பு.

டேட்டாபேஸில் ஒரு கட்டத்தை யாரும் நிரப்பாமல் விட்டிருந்தால் அதற்கு ஆங்கிலத்தில் 'நல்' (null) என்று பெயர். அது பூஜ்யமும் அல்ல, 'இல்லை'யும் அல்ல. அங்கே என்ன இருக்க வேண்டும் என்று இன்னும் தெரியாது, அவ்வளவுதான். இந்த நல்லைப் பற்றி அவர் பேசாத நாள் கிடையாது. அதனால் நாங்கள் வைத்த பெயர் நல்லண்ணன். வெளியாட்களோ அவர் குணத்தைப் பார்த்து வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டு, "வாங்க நல்லண்ணே" என்று பயபக்தியோடு கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். தலையில் அதற்கு வேலை இருக்காது. கல்யாணம் ஆனவரா என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் பதிலுக்கு என்ன கேட்பாரோ என்ற பயத்தில் யாரும் கேட்கவில்லை.

அவரோடு டீக்கடைக்குப் போவதே ஒரு சோதனை. ஒருநாள் எங்களோடு வந்த ஒருவர் போனில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். டீ மாஸ்டர் அவரைப் பார்த்து, "சீனி போடவாண்ணே?" என்றார். பதில் வரவில்லை. மாஸ்டர் சீனி போடாமலே டீயை ஆற்றத் தொடங்கினார்.

"ஏம்ப்பா, அவரு வேணாம்னா சொன்னாரு?" என்றார் நல்லண்ணன்.

"அப்பப் போட்டுறவா?"

"வேணும்னும் சொல்லலியே!"

மாஸ்டர் கையில் கரண்டியோடு நின்றார். பின்னால் நின்றவர்களுக்கும் டீ வரவில்லை. போன் பேசியவர் பேசி முடித்துத் திரும்பி, "என்னப்பா, இன்னுமா டீ போடல?" என்று கேட்டபோது மாஸ்டர் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் வேறு கடைக்குப் போனோம்.

அண்ணாச்சிக்கும் அவருக்கும் தினமும் வழக்கு நடக்கும். ஒரு காலையில் நான் படியேறும்போது, கீழே கடையில் ஒருவர் ஓட்டுச் சட்டத்துக்கு ஆணி கேட்டார். அண்ணாச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அந்த ஆணி இல்லப்பா" என்றார். எனக்கு முன்னால் படியேறிக்கொண்டிருந்த நல்லண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, பெட்டியத் திறந்து பாத்தீகளா?"

"பாக்கல."

"அப்ப இல்லைன்னு எப்படிச் சொல்றீக? தெரியலைன்னுல்ல சொல்லணும்? பெட்டியத் திறந்து, ஆணி ஒண்ணும் கெடக்கலைன்னா அது பூஜ்யம். பெட்டியவே திறக்கலைன்னா அது நல்."

"வே, ஆணி வாங்க வந்த ஆளு போயிட்டாரு வே!"

உண்மைதான், போய்விட்டார். நல்லண்ணன் இறங்கி வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆணி நிறைய இருந்தது. ஒன்றை எடுத்து அண்ணாச்சியின் மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். அன்று முழுவதும் அண்ணாச்சியின் குரல் மாடி வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆனால் அந்தப் பிடிவாதத்தால் நன்மையும் உண்டு. ஒருநாள் கணக்குப் பிரிவுப் பெண்ணும், நெட்வொர்க் பார்க்கிற பையனும் காரணம் சொல்லாமல் ஒரே நாளில் லீவு போட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அலுவலகம் பேச்சிலேயே அவர்களைச் சுருளி அருவி வரைக்கும் ஜோடியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நல்லண்ணன் டிபன் டப்பாவைப் பட்டென்று மூடினார்.

"இந்தப் புள்ள ஏன் வரலைன்னு தெரியாது. அந்தப் பய ஏன் வரலைன்னும் தெரியாது. தெரியாததும் தெரியாததும் ஒண்ணாயிருமா? எந்தக் கம்ப்யூட்டராச்சும் அப்படிச் சொல்லுமா? கம்ப்யூட்டருக்கு இருக்குற அறிவு கூடவா நமக்கு இல்ல?"

மறுநாள் பையன் பல் பிடுங்கிய வீக்கத்தோடு வந்தான். அந்தப் பெண் போடியில் சித்தி மகளின் சடங்குக்குப் போய்விட்டு, எல்லாருக்கும் அதிரசம் கொண்டுவந்தாள். பையனால் மட்டும் சாப்பிட முடியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புஷ்பம் அக்கா வந்தார்.

கம்பத்தில் திருமணத் தகவல் மையம் நடத்துபவர் அவர். பல வருடங்களாகக் காகிதத்தில் இருந்த வரன்களை எல்லாம் எங்கள் ஆட்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு அடங்குவதற்கு முன்னால் அவர் என் எதிரில் உட்கார்ந்து புலம்ப ஆரம்பித்தார்.

"ஏத்தா, உங்க மெசினுக்குள்ள பேய் கீய் பூந்துருக்கா? போடியிலருந்து ஒரு அம்மா வந்து கத்திட்டுப் போறாக. 'எம் மகள ஒருத்தர் கூடக் கேக்கலையா?'ன்னு அழுகுறாக. பேரச் சொல்லித் தேடுனா அந்தப் புள்ள வருது, போட்டோவெல்லாம் வருது. மாப்பிள்ள வீட்டுக்காரக கேக்குற மாதிரித் தேடுனா மட்டும் மறைஞ்சு போகுது!"

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று நல்லண்ணன் விசாரித்தார். பெரும்பாலும் எல்லாரும் வைக்கும் ஒரு நிபந்தனை, மறுமணமாக இருக்கக் கூடாது என்பது. அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தொலைந்துபோன தம்பியைத் திருவிழாவில் பார்த்தவர் மாதிரி, "நல்!" என்று கத்தினார்.

விஷயம் இதுதான். மண விவரம் என்ற கட்டத்தில் 'முதல் மணம்' அல்லது 'மறுமணம்' என்று இருக்க வேண்டும். நிறைய பேர் அதைக் காலியாக விட்டிருந்தார்கள். மறுமணம் அல்லாதவர்களைக் காட்டு என்று கேட்டால், கம்ப்யூட்டர் ஒவ்வொருவரிடமும் போய், 'உன்னுடையது மறுமணம் அல்லதானே?' என்று கேட்கிறது. காலிக் கட்டத்துக்காரர்களிடம் அதற்குக் கிடைக்கும் பதில் 'தெரியாது.' ஆமாம் என்பவர்களை மட்டும்தான் அது உள்ளே விடும். தெரியாது என்பவர்களைச் சத்தமில்லாமல் வெளியே நிறுத்திவிடும். மறுமணம் உள்ளவர்களைக் காட்டு என்று கேட்டாலும் அவர்கள் வெளியில்தான். இந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது.

சத்தம் கேட்டு மேலே வந்த அண்ணாச்சி, "காலியா இருக்கறவுகளத் தனியா எடுத்துக் காட்டு தாயி" என்றார். அந்தக் கட்டம் காலிக்குச் சமமாக இருப்பவர்களைக் கொண்டுவா என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன். ஓர் ஆள்கூட வரவில்லை.

"பாத்தீரா வே, ஒருத்தரும் காலி இல்லையாம்" என்றார் அண்ணாச்சி.

நல்லண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "தெரியாததுக்கு எது அண்ணாச்சி சமமாகும்? சமமான்னு கேக்கப்படாது. 'காலியா இருக்கா'ன்னுதான் கேக்கணும்." குனிந்து, நான் எழுதியிருந்த சமக் குறியை அழித்துவிட்டு அப்படியே மாற்றி எழுதினார். திரை நிறைய ஆட்கள் வந்தார்கள். கீழே இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தார்கள். புஷ்பம் அக்கா வாயில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "ஆத்தாடி, இம்புட்டுப் பேரா? இவுக எல்லாத்தையும் நான் மறந்துல்ல போனேன்!"

அண்ணாச்சிக்கு உடனே வழி தோன்றிவிட்டது. "இதுக்கா இந்தப் பாடு? எல்லாத்துக்கும் முதல் மணம்னு போட்டு விடுங்க. பேரு பதியுறவுக பெரும்பாலும் முதல் கல்யாணத்துக்குத்தான் பதிவாக. தாயி, போடு."

நான் கீபோர்டில் கைவைப்பதற்குள் அது அங்கே இல்லை. நல்லண்ணன் அதை உருவிக்கொண்டு போய், தன் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கேக்காம எழுதப்படாது அண்ணாச்சி."

"நான் முதலாளி. நான் சொல்றேன்."

"முதலாளி சொன்னா, நடந்த கல்யாணம் நடக்காமப் போயிருமா? ஒருத்தருக்கு மறுமணமா இருக்கும். நாம முதல் மணம்னு காட்டுவோம். பொண்ணு பாத்து, பூ வச்சு, அப்புறம் தெரிஞ்சா அந்தக் குடும்பம் என்னத்துக்காகும்?"

"அந்தக்கா நம்மள விட்டுட்டு மதுரை கம்பெனிக்குப் போனா நாம என்னத்துக்காவோம் வே?"

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் இது முடியாவிட்டால் நல்லண்ணன் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் திடுதிடுவென்று இறங்கிப் போனார். வழக்கமான சண்டை இல்லை இது என்று எனக்குத் தெரிந்தது. நல்லண்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அன்று சாப்பாட்டையும் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். ஒரு பருக்கை உள்ளே விழுந்து, கடைசி வரைக்கும் அந்தக் கீபோர்டில் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை.

"இப்ப என்ன செய்யப் போறீகண்ணே?" என்றேன்.

"கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

முதல் அழைப்பு ஜெயமங்கலத்துக்கு. ஒரு பெண்ணின் அப்பா எடுத்தார். நல்லண்ணன் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "ஐயா, உங்க மகளுக்கு இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆயிருக்கா?" என்று நேராகக் கேட்டுவிட்டார். மறுமுனையில் எழுந்த சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஏலே, யாருலே நீ? எம் மக தங்கமான புள்ள. எங்கிட்டயே போனப் போட்டு இப்படிக் கேக்குற?"

"ஆகலைன்னு எழுதிக்கிறலாமா ஐயா?"

"வைலே போன! நேர்ல வந்தேன், கால ஒடிச்சிருவேன்!"

நல்லண்ணன் போனை வைத்தார். "ஆகலைன்னுதான அர்த்தம்? எழுதிருங்கண்ணே" என்றேன்.

"அவரு பதில் சொல்லலத்தா. திட்டுனாரு. திட்டு பதிலாகாது" என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டார்.

அடுத்து குமுளிப் பக்கம். மலையாளம் கலந்து பேசும் ஓர் அம்மா. தன் மகனைப் பற்றிக் கேட்டதும் உற்சாகமாக, "மோனே, அவனுக்குக் கல்யாணம் கழிஞ்ஞு!" என்றார். நல்லண்ணன் பதறிப்போய், "கழிஞ்சு போச்சா? அடப் பாவமே. மனசத் தேத்திக்கோங்கம்மா. அந்தப் பொண்ணு இப்ப எங்கன இருக்கு?" என்றார். அந்த அம்மா குழம்பிப்போய், "இவிடத்தான் இருக்கா, சமையக்கட்டுல" என்றார். எல்லைப் பக்கம் கல்யாணம் 'கழிந்தது' என்றால் நல்லபடியாக நடந்து முடிந்தது என்று அர்த்தம். பையனுக்குப் போன வாரம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆறுதல் சொன்னதை வாழ்த்தாக மாற்ற நல்லண்ணன் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டியிருந்தது.

இப்படியே வியாழக்கிழமை வந்துவிட்டது. சிலர் பதில் சொன்னார்கள், சிலர் திட்டினார்கள், பலர் போனையே எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் போடிக்குப் போன் போட்டார். காது வலிக்கிறது என்று ஸ்பீக்கரில் வைத்திருந்தார். எந்தப் பெண்ணுக்காகப் புஷ்பம் அக்கா வந்தாரோ அந்தப் பெண்ணே எடுத்தாள். ராணி என்று பெயர். ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை.

நல்லண்ணன் தன் கேள்வியைக் கேட்டார். அவள் நிதானமாகப் பேசினாள்.

"சார், நான் மறந்து போயி விடல. தெரிஞ்சேதான் விட்டேன். எனக்குப் பத்திரிகை அடிச்சு, மண்டபம் பிடிச்சு, கையில மருதாணி வச்சாச்சு. மொத நாள் சாயங்காலம் மாப்பிள்ள வீட்டுல, நாங்க வரலைன்னு சொல்லிட்டாக. தாலி கட்டல. இப்ப எனக்குக் கல்யாணம் ஆச்சா, ஆகலியா? எங்கம்மா ஆகவே இல்லைம்பாக. தெருவுல கேட்டா, ஆகி நின்னுபோச்சும்பாக. உங்க பாரத்துல ரெண்டே கட்டம்தான் இருக்கு. நான் எதுல டிக் அடிக்கணும், நீங்களே சொல்லுங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் பையிலிருந்து சீப்பை எடுத்தார், பார்த்தார், மறுபடியும் பையில் வைத்தார்.

"எதுலயும் அடிக்க வேணாம்மா" என்றார். "காலியாவே இருக்கட்டும். காலியா விட்டவுகளும் வர்ற மாதிரி எழுத வேண்டியது என் வேலை. எழுதாம விட்டது நாங்கதான். உங்க மேல தப்பில்ல."

"அப்ப நான் வருவேனா சார்?"

"வருவீக தாயி. கண்டிப்பா வருவீக."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அண்ணாச்சி மேல்படியில் நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. செருமிக்கொண்டார். கையில் இருந்த கம்பிச் சுருளை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் மேசையில் வைத்தார்.

"காலியா இருக்கறவுகளையும் காட்டுனா, பாக்குறவுக சண்டைக்கு வரமாட்டாகளா வே?" என்றார். குரலில் முதலாளி இல்லை.

"பேருக்குப் பக்கத்துல, 'நேரில் கேட்டுக்கொள்ளவும்'னு வரட்டும் அண்ணாச்சி. நாம பொய்யும் சொல்லல, ஆளையும் மறைக்கல."

"எம்புட்டு நேரமாகும்?"

"ஒரு வரி. 'மறுமணம் அல்லாதவர், அல்லது கட்டம் காலியாக இருப்பவர்.' அம்புட்டுத்தான்."

"ஒரு வரிக்கா வே இந்த வாரம் பூரா என் கடைய ரெண்டாக்குனீரு?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி கீழே போனார். வெள்ளிக்கிழமையைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவே இல்லை.

புஷ்பம் அக்காவுக்குத்தான் பயம். நேரில் கேட்டுக்கொள்ளவும் என்று போட்டால் வந்தவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று நினைத்தார். கொஞ்ச நாள் கழித்து அவரே நல்லண்ணனுக்குப் போன் செய்தார். "தம்பி, கேட்டா சொல்லிர்றாக தம்பி! நாமதான் இத்தன நாளாக் கேக்காம இருந்துருக்கோம்" என்றார். ஜெயமங்கலத்து அப்பா கூட, நேரில் வந்து கேட்டவர்களுக்குக் காபி கொடுத்துப் பதில் சொன்னாராம்.

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு ராணியின் போட்டோ பிடித்துப்போனது. பையனின் அம்மா நேராகப் போடிக்கே போய்க் கேட்டார். ராணி எங்களிடம் சொன்னதை அப்படியே அவரிடமும் சொன்னாள். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "வாரேன்னு சொல்லி வராமப் போனது அவுக. அதுக்கு இந்தப் புள்ள எதுக்குத் தல குனியணும்?" என்றாராம். புஷ்பம் அக்கா இதைச் சொல்லும்போது போனிலேயே மூக்கை உறிஞ்சினார்.

எங்கள் அலுவலகத்துக்கே பத்திரிகை வந்தது. நல்லண்ணன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஓடைப்பட்டி மண்டபத்துக்கு வந்தார். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெரியவர் சும்மா இருக்காமல், "பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?" என்று கேட்டுவிட்டார். நல்லண்ணன் யோசிக்க ஆரம்பித்தார்.

"பொண்ணு வீடுன்னு சொல்ல முடியாது. ஆனா இல்லைன்னும்..."

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. "வே, ரெண்டு வீடும்தான்னு சொல்லிட்டு உள்ள போவும்!" என்று அண்ணாச்சி முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

மேடையில் நாங்கள் பரிசைக் கொடுத்தபோது ராணி அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. போனில் கேட்ட குரல்தானே. "நல்லா இருங்க தாயி" என்று அவர் சொன்னதும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளையின் கையைத் தொட்டு, "இவுகதாங்க என்னைய வர வச்சாக" என்றாள்.

நல்லண்ணன் "ஒரு வரிதாம்மா" என்று முணுமுணுத்துவிட்டு மேடையிலிருந்து தப்பான பக்கமாக இறங்கி, சமையல்கட்டுக்குள் போய்விட்டார். நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் நறுக்குகிறார்கள் என்றார். உள்ளே பூசணிக்காய்தான் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சிக்குக் கம்பத்தில் வேலை இருந்ததால் நாங்கள் இருவரும் சின்னமனூர் வந்து பெரியகுளம் பஸ் ஏறினோம். கல்யாணச் சாப்பாடும் ஜன்னல் காற்றும் சேர்ந்து, வீரபாண்டி தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிட்டார். தாம்பூலப் பையை இரண்டு கையாலும் மடியில் பிடித்திருந்தார். நாங்கள் இறங்க வேண்டிய அல்லிநகரத்தில் கண்டக்டர் விசில் அடித்தார். எழுப்ப மனம் வரவில்லை. பெரியகுளம் வரைக்கும் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு, அவர் தலையில் வெயில் விழாமல் இருக்க ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, நானும் உட்கார்ந்துகொண்டேன்.